நெல்லில் எழுதியதாகச் சொன்ன சொல்

நெருக்கடி நிலைக் காலத்தில் சிறைக்குப் போனதாக எங்கள் வட்டத்தில் இன்று சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லோரும் உண்மையிலேயே போயிருந்தால், அன்றைக்கு உத்திரமேரூரில் நாற்று நட ஆள் கிடைத்திருக்காது.

இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தக் காலம் முடிந்து ஐம்பது ஆண்டுகள் ஆவதை முன்னிட்டு, ஓய்வுபெற்ற நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு நூல் கொண்டுவர முடிவு செய்தோம். அப்போது எதிர்ப்புக் காட்டிய உள்ளூர் மக்களைப் பற்றிய நூல். வருகிற கதைகளில் எது உண்மை, எது பொய் என்று பார்க்கிற வேலை என்னிடம் வந்தது. என்னிடம் பழைய பஞ்சாங்கங்களும் செய்தித்தாள் நறுக்குகளும் பெட்டி பெட்டியாக இருப்பது ஒரு காரணம். யாரையும் எளிதில் நம்பமாட்டேன் என்று ஊரில் எனக்கு இருக்கிற பெயர் இன்னொரு காரணம்.

ஒருவர் பொன்னாடை போர்த்திய தன் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அன்றைக்கு அவர் இரண்டாம் வகுப்புப் பையன். இன்னொருவர் திருப்புலிவனம் கோயிலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்தாராம். தினமும் பூசை நடக்கிற கோயிலில் எந்த மூலையில் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். சிறைக்குப் போனேன் என்கிறவர்களிடம் நான் போராட்டத்தைப் பற்றி முதலில் கேட்பதில்லை. கேட்டால் மேடைப் பேச்சு வரும். உள்ளே என்ன சோறு போட்டார்கள் என்று கேட்பேன். போனவருக்கு முகம் சுருங்கும். போகாதவர் கொள்கை பேச ஆரம்பிப்பார்.

அந்த அம்மாள் வந்தபோது இந்தக் கேள்வி உதவவில்லை. அவர் சிறைக்கே போனதில்லை.

எழுபது வயதைத் தொட்டவர். தென்னேரியிலிருந்து வாலாஜாபாத் வந்து, பஸ் மாறி, விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருந்தார். கதவருகே நின்றபடியே கேட்டார்.

"நீதான் அந்த எமர்ஜென்சி புக்கு போடற சாரா?"

"நான் மட்டும் இல்லம்மா. உள்ள வந்து உக்காருங்க."

"என்னையும் போடு சார். நானும் எய்தியிருக்கேன்."

"எங்க எழுதினீங்க? செவுத்துலயா?"

"செவுத்துல எய்த எனுக்கு யாரு பெயிண்டு குடுத்தா? நெல்லுல எய்தினேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, விளக்கமாகச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னது இது. அப்போது அவர் கல்யாணமான புதிது. வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் களத்து வேலை. அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிவிட்டு, காய்வதற்காகப் பெண்கள் அதற்குள் காலை இழுத்து இழுத்து நடப்பார்கள். கால் போன இடத்தில் நெல் ஒதுங்கி, கறுத்த சிமெண்டு கோடாகத் தெரியும். நேர்கோடாகப் போகவேண்டிய அந்தக் காலால், ஒருநாள் களத்தின் முழு அகலத்துக்கும் 'ஒழிக' என்று எழுதிவிட்டாராம்.

"யாரை ஒழிக?"

"எமர்ஜென்சியத்தான். கூலி ஏத்திக் கேட்டோம் சார். முதலாளி மாடி மேல நின்னுக்கினு, இப்ப எமர்ஜென்சி, நாலு பேரு கூடி நின்னா போலீஸ் வந்து அள்ளிக்கினு பூடும்னாரு. சேந்து உக்காந்து பேசினா எமர்ஜென்சி. லேட்டா வந்தா எமர்ஜென்சி. இன்னாடா இது, ஆளு மாதிரி எப்பப் பாத்தாலும் வந்து நிக்கிதேன்னு எனுக்கு ஒரே பேஜாராப் போச்சி. ஒழிகன்னு எய்திட்டேன்."

"யாரு பார்த்தாங்க?"

"ரயில்ல போறவங்கள்லாம் பாத்துக்கினே போனாங்க. முதலாளி மாடியிலருந்து பாத்தாரு. மறுநாளு என்னை வேலையவுட்டு நிறுத்திட்டாரு. ஆனா நெல்லு திருடிட்டேன்னு சொல்லி நிறுத்தினாரு."

அவர் வந்ததே இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் என்பது போகப் போகப் புரிந்தது. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் நடுவில் அவர் 'மடிக்காரி'. மடியில் நெல்லைக் கட்டிக்கொண்டு போனவள். கல்யாண வீடுகளில் அவர் நுழைந்தால் அரிசி மூட்டை வைத்திருக்கும் அறையை யாராவது சாத்துவார்களாம்.

"சிரிச்சிக்கினேதான் சாத்துவாங்க. நானும் சிரிச்சிக்கினுதான் போவேன். இன்னா பண்றது?"

"அதே களத்துல வேலை செஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒருத்திதான் கீறா. என் நாத்தனாரு. பக்கத்து வூடு. அவளத்தான் கேக்கக் கூடாது. மடிக்காரின்னு பேரு வெச்சதே அவதான்."

சாட்சி ஒரே ஒருவர், அவரைக் கேட்கக்கூடாது என்றதும் எனக்குச் சந்தேகம் வலுத்தது. தாளையும் பேனாவையும் கொடுத்து, அந்தச் சொல்லை எழுதச் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் படம் வரைவதுபோல வரைந்தார். தன் பெயரும் இந்தச் சொல்லும் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாதாம். மொழிப் போராட்டக் காலத்திலிருந்து ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் இதுதான் இருந்தது, பார்த்துப் பார்த்து வந்துவிட்டது என்றார். நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆனால் போன வாரம் யாராவது எழுதப் பழக்கிவிட்டிருந்தாலும் இப்படித்தான் வரைந்திருப்பார்.

எந்த நாள் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார். "தை அமாவாசை. காத்தால எய்தினேன். அன்னிக்கி ராத்திரிதான் இங்க ஆட்சிய கலைச்சிட்டாங்கன்னு ரேடியோவுல சொன்னாங்க."

அவர் போனபிறகு அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். 1976 ஜனவரி 31, சனிக்கிழமை, தை அமாவாசை. மாநில ஆட்சி கலைக்கப்பட்டதும் அன்று மாலைதான். நாள் சரியாகப் பொருந்தியது. அதனாலேயே கதை சரிந்தது. எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் அமாவாசையன்று ஆலை ஓடாது. இயந்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுப் பூட்டிவிடுவார்கள். தை அமாவாசையில் கேட்கவே வேண்டாம். ஆலை பூட்டியிருந்த நாளில் களத்தில் நெல் ஏது, நெல்லைக் கிளற ஆள் ஏது?

இன்னொன்றும் இடித்தது. அந்த மாலை வரைக்கும் நம் மாநிலத்தில் நெருக்கடி நிலையின் பிடி தளர்வாகவே இருந்தது. மற்ற இடங்களில் அடைபட்டிருந்த வாய்கள் இங்கே ஓரளவு திறந்திருந்தன. கைதுகள் மளமளவென்று நடந்தது ஆட்சி கலைந்த பிறகுதான். அன்று காலையில் ஒரு சொல்லை எழுதியதற்காக ஒருவர் வேலையை விட்டு நிறுத்தப்பட்டார் என்பதும் நம்பும்படி இல்லை. திருட்டுப் பட்டத்தைக் கழுவ ஒரு தியாகிப் பட்டம் தேடி வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். கட்டிவிட்டாலும் எதிர்த்தரப்பைக் கேட்காமல் விடக்கூடாது என்பதற்காக மட்டும் வாலாஜாபாத் போனேன்.

ஆலை இப்போது கல்யாண மண்டபம். களம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் கார் நிறுத்துகிறார்கள். அன்றைய முதலாளியின் மகன்தான் மண்டபத்தை நடத்துகிறார். அவருக்கும் எழுபது இருக்கும். கல்லூரியில் தேறாமல் இருபது வயதில் அப்பாவுக்குத் துணையாக ஆலைக்கு வந்தவர். தென்னேரி அம்மாள் ஒருவரை ஏன் வேலையிலிருந்து நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் எழுதியதாகச் சொன்னதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இதைக் குறிப்பாகச் சொல்லிவைக்கிறேன்.

"யாரு, அந்த மடிக்காரியா? உங்க வூட்டுக்கும் வந்துட்டாளா அவ? நெல்லு சார். மடி கொள்ளாம நெல்லு. எங்க நைனாவே கையும் களவுமா புடிச்சாரு."

"என்னைக்கு?"

"தை அமாவாசை. ஆலை லீவு. மேஸ்திரி கெடையாது. அவளுக்கு அதான் வசதியாப் போச்சி."

"லீவு நாள்ல களத்துல ஆள் எப்படி?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னா சார் நீங்க, ஊருக்கே நாள் நட்சத்திரம் பாத்துச் சொல்றவரு! அமாவாசை மிஷினுக்குத்தான். மொத நாள் அவிச்ச நெல்லுக்கு ஏது அமாவாசை? காய வெக்கலன்னா ரெண்டாம் நாள் தெருவே நாறும். களத்துக்கு மட்டும் நாலஞ்சி பொம்பளைங்கள வரச் சொல்லுவோம்."

என் சந்தேகத்தில் பாதி அங்கேயே போயிற்று. அந்த அம்மாள் அன்று களத்தில் இருந்தார் என்பதற்கு அவரைத் திருடி என்கிறவரே சாட்சி.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"பொம்பளைன்னு வுட்டுட்டாரு நைனா. மறுநாள் காத்தால கணக்கு முடிச்சி அனுப்பிட்டாரு."

"களத்துல கூட்டி வாரின நெல்லை எல்லாப் பெண்களும் மடியில கட்டிக்கிட்டுப் போவாங்களாமே?"

"அது வழக்கம். ஓரத்துல செதறினது அவங்களுது. யாரும் கேக்க மாட்டோம். இவ கொஞ்சம் ஓவரு."

"எவ்வளவு ஓவரு?"

"அம்பது வருசம் கழிச்சி வந்து மரக்கா கணக்கு கேக்கறீங்களே சார்! நெல்லக் கிளறத்தான் கூலி குடுத்தோம். களத்துல கிறுக்கிக்கினு இருக்கறதுக்கா?"

மண்டபத்துக்குள் யாரோ நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் கேட்டது.

"என்ன கிறுக்கல்?" என்றேன்.

"ஏதோ கோலம். யாருக்குத் தெரியும்? காபி சாப்புடறீங்களா சார்?"

காபி குடித்தேன். மாடியைப் பார்க்கவேண்டும் என்றேன். மறுக்க அவருக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. பழைய அலுவலக அறையை இப்போது மணமகள் அறையாக்கியிருக்கிறார்கள். கண்ணாடியில் ஒட்டிக்கிடந்த பொட்டுகளைத் தாண்டி ஜன்னலருகே நின்றேன். கீழே களம் முழுவதும், விரித்துப்போட்ட தாளைப்போலத் தெரிந்தது. ரயில் பாதைப் பக்கம் பழைய மதில். ரயிலில் போகிறவருக்கு மதிலின் வெளிப்புறம்தான் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ரயில் கதை பொய். மாடி உண்மையாக இருக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். களத்தில் கூட்டி வாரிய நெல்லை எல்லோரும் எடுத்தார்கள். நாள்தோறும் எடுத்தார்கள். நிறுத்தப்பட்டது ஒருவர், அதுவும் அந்த ஒரு நாளுக்கு மறுநாள். காலையில் அவர் எழுதியபோது அது முதலாளிக்கு எரிச்சல் தரும் குறும்பு, அவ்வளவுதான். இரவில் ரேடியோ பேசியதும் அதே சொல் வேறொன்றாக ஆகிவிட்டிருக்கவேண்டும். என் ஆலையில் இப்படி எழுதினார்களாம் என்று யாராவது போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று அந்த மனிதர் பயந்திருப்பார். எழுதியதற்காக அனுப்பினேன் என்று சொல்வதும் எழுதியதை ஒப்புக்கொள்வதுதானே? நெல்லைக் காரணம் காட்டியது அவருக்குப் பாதுகாப்பு.

இது என் ஊகம். எல்லாம் இவ்வளவு அழகாகப் பொருந்தினால் நான் என்னையே நம்புவதில்லை. 'கிறுக்கல்' என்ற ஒரே வார்த்தையின் மேல் எவ்வளவு ஏற்றிவிட்டேன் என்று மறுநாள் கூச்சமாகவும் இருந்தது. ஆயினும் ஒரு பத்தி எழுதினேன். அதோடு, கேட்கக்கூடாது என்று சொல்லப்பட்ட சாட்சியையும் கேட்டுவிடுவது என்று தென்னேரிக்குப் போனேன்.

முதலில் அந்த அம்மாளிடம் படித்துக் காட்ட நினைத்தேன். அவர் கேட்கவில்லை. "இங்க வேணாம். அண்ணி வூட்ல வந்து படி. அவளும் கேக்கட்டும்" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனார். நாத்தனார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இவரைவிடச் சில வயது மூத்தவர். எங்களைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்தாரே தவிர நிறுத்தவில்லை.

"இன்னாமே, ஆபீசர்லாம் கூட்டிக்கினு வர? ரேஷன் கார்டா?"

"உன் கதையும் என் கதையும் எய்தியாந்திருக்காரு. கம்முனு கேளு அண்ணி."

படித்தேன். இன்ன ஆலை என்று சொல்லாமல், வாலாஜாபாத் ஆலைக் களம் ஒன்றில் தை அமாவாசையன்று வேலை செய்த ஒரு பெண் காலால் நெல்லில் ஒரு சொல்லை எழுதியதாகச் சொல்கிறார். மாடியிலிருந்து மட்டுமே அது தெரிந்திருக்கும். அன்று எழுதியது பெரிய ஆபத்தில்லை, அன்று மாலைக்குப் பிறகு ஆபத்து. கூட்டி வாரிய நெல்லை வழக்கப்படி அவரும் மற்றப் பெண்களும் எடுத்துப் போனார்கள். அவர் மட்டும் மறுநாள் நிறுத்தப்பட்டார்.

அந்த அம்மாள் முகம் கறுத்தது.

"ரயிலு எங்க சார்?"

"ரயில்லேர்ந்து தெரியாதும்மா. போய்ப் பார்த்தேன்."

"சரி, அத்த வுடு. நெல்லு எடுத்துக்கினு போனேன்னு போட்டுக்கீறியே! அத்த அழிக்கத்தான உன்னாண்ட வந்தேன்? நீயே அச்சடிச்சி வெச்சா, இவளுங்க அத்த மட்டும் வெட்டி வூட்ல மாட்டுவாளுங்க."

"எல்லாரும் எடுத்தாங்கன்னு போட்டாத்தாம்மா, உங்கள மட்டும் ஏன் நிறுத்தினாங்கங்கற கேள்வியே வரும். நெல்லை எடுத்துட்டா என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

"எல்லாரும்னா?" என்றார் நாத்தனார். டிவியை இப்போது நிறுத்தியிருந்தார். "நானுமா?"

"நீ எடுக்கலயா அண்ணி? உன் மொதப் புள்ளைக்கி கஞ்சி காச்சினதே அந்த நெல்லுலதான?"

"எடுத்தேன். இன்னா இப்போ? கூட்டின நெல்லு நம்முது. அதுக்கா போலீசு வரும்?" என்று அவர் என் பக்கம் திரும்பினார். "சார், அவ எய்தினா. பெருசா, களத்துல இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும். மாடியிலருந்து அந்தாளு கத்தினதும், தள்ளுப் பலகைய எடுத்துக்கினு ஓடி அத்த அழிச்சவ நான்தான். அத்தயும் போடு. எய்தினவளுக்கு மட்டும் பேரா? அழிக்கலன்னா அன்னிக்கே ஜெயிலு."

சாட்சி கிடைத்த மகிழ்ச்சி ஒரு நொடிதான். உடனே பழைய குணம் தலைதூக்கியது. நூல் வருகிறது என்றதும் இவரும் உள்ளே வரப் பார்க்கிறாரோ?

"பொய்யி!" என்று கத்தினார் அந்த அம்மாள். "சார், இவ அன்னிக்கி வேலைக்கே வரல. தை அமாவாசைன்னு மாமனாருக்குப் படையல் போட வூட்லயே நின்னுட்டா. நானேதான் எய்தினேன், அந்தாளு கத்தினதும் நானேதான் காலால கலைச்சேன்."

"படையல் போட்டுட்டு மத்தியானம் வந்தேன்டீ. நீதான் மறந்துட்ட."

"எய்தினது காத்தால அண்ணி!"

"வெயில் ஏறி நெல்லு காஞ்ச பெறகுதான் கால் போட்டா கோடு விழும். ஈர நெல்லுல எங்கருந்து எய்துவ?"

நான் பேனாவை மூடினேன். எழுதியவருக்கு ஆதரவாக ஐம்பது ஆண்டுகளில் கிடைத்த ஒரே சாட்சியை எழுதியவரே மறுத்துக்கொண்டிருந்தார். மறுக்காமல் விட்டிருந்தால் என் வேலை முடிந்திருக்கும். ஆனால் மறுத்ததால்தான் எனக்கு அவர்மேல் முதல்முறையாக நம்பிக்கை வந்தது. பொய் சொல்ல வந்தவர் தனக்குச் சாதகமான சாட்சியை ஏன் விரட்டப்போகிறார்?

நாத்தனாரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "அம்மா, நீங்க அழிச்சீங்களா இல்லையாங்கறது இருக்கட்டும். அவங்கள எதுக்கு நிறுத்தினாங்க? நெல்லுக்கா?"

"நெல்லுக்கா! நெல்லுக்கு எங்க எல்லாரையும்ல நிறுத்தணும். அது முதலாளி கட்டின கத."

"அப்போ மடிக்காரின்னு..."

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தம்பி மனைவியைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார். "எனுக்கு அங்க வேலை இருந்துது சார். நான் இன்னா சொல்ல முடியும் அப்போ?"

"அப்போ சரி அண்ணி," என்றார் அந்த அம்மாள். குரல் இறங்கியிருந்தது. "அந்த ஆலைய மூடி எத்தினி வருசம் ஆவுது?"



நான் அந்தப் பத்தியை அங்கேயே திருத்தினேன். உடன் வேலை செய்த ஒருவர், எழுத்தைத் தான் பார்த்ததாகவும், நிறுத்தியது நெல்லுக்காக அல்ல என்றும் சொல்கிறார் என்று சேர்த்தேன். அழித்தது யார் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் எழுதினேன். நாத்தனாரிடம் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டேன். சரி என்றார். இன்னொரு முறை படிக்கச் சொன்னது அவரல்ல, அந்த அம்மாள். படித்தேன். கடைசி வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நெல்லுக்காக இல்லன்னு இவ சொன்னதா வருதே, அத்த மட்டும் இன்னொரு தபா படி சார். சத்தமா படி. வாசல்ல என் மருமவ நிக்கிறா."